பக்கத்து வீட்டாக்களையும் கேட்டதாகச் சொல்லுங்கோ

என் மனைவி ஒரு கதைப் புத்தகத்துக்காக அழுததைப் போன வைகாசியில்தான் முதன்முதலாகக் கண்டேன். குசினி வாசலில் கதிரையைப் போட்டு இருந்தாள். மடியில் மகள் கொண்டுவந்த புத்தகம். அடுப்பில் பருப்பு பொங்கி வழிந்துகொண்டிருந்தது. நான் போய் நெருப்பைக் குறைத்தேன். அவள் நிமிர்ந்தும் பார்க்கவில்லை.

“அப்படி என்ன கிடக்கு உதுக்குள்ள?” என்று மகளிடம் கேட்டேன்.

“சின்ன வயசிலயிருந்து பழகின ரெண்டு பேற்ற காதல் கதை அப்பா. அம்மா ஒருக்கா முடிச்சிட்டா, இது ரெண்டாந்தரம். சிநேகிதியின்ர புத்தகம். காயப்போட்டுத்தான் திருப்பிக் குடுக்கவேணும் போல.”

மனைவி மூக்கைத் துடைத்துக்கொண்டு, “அப்பாட்டயும் குடு. வாசிக்கட்டும்” என்றாள். சொன்ன விதத்தில் பகிடி இல்லை.

சாதாரண தரப் பரீட்சையோடு படிப்பை விட்டவன் நான். பத்திரிகை பார்ப்பேன், மற்றப்படி புத்தகம் தொட்டுப் பல வருடம். துறைமுகப் பக்கத்தில் கயிறும் வலைச்சாமானும் தோணிக்கு அடிக்கும் பெயின்றும் விற்கிற கடையில் வேலை. புத்தகத்தின் அட்டையில் ஒரு பெடியனும் பெட்டையும் கைகோத்துக்கொண்டு நின்றார்கள். இந்த வயதில் அதை எப்படிக் கடையில் வைத்து வாசிப்பது? பத்திரிகைத் தாளால் உறை போட்டேன். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு, சனம் குறைந்த நேரத்தில், பெயின்ற் வாளிகளுக்குப் பின்னால் இருந்து வாசித்தேன்.

கிண்ணியாவிலிருந்து கயிறு வாங்க வரும் ஒருவர் எட்டிப் பார்த்தார். “என்ன அண்ணே, சோதினைக்கோ படிக்கிறீங்க?”

“ஓம்” என்றேன். வேறு என்ன சொல்ல?

“பாஸ் பண்ணினா எங்களுக்கும் சொல்லுங்க, சாப்பாட்டுக்கு வாறம்.”

கதை இதுதான். ஒரே தெருவில் இரண்டு வீடுகள். பெடியனின் குடும்பம் வேறு நகரத்துக்குப் போய்விடுகிறது. அவளுக்குக் கல்யாணம் பேசும் நேரத்தில் அவன் திரும்பி வருகிறான். ரயில் நிலையத்தில் அத்தனை சனத்துக்கு நடுவில் நின்று, சின்ன வயதிலிருந்து தன் மனதில் இருந்த எல்லாவற்றையும் சொல்கிறான். ‘இதைக் கேட்கத்தான் இவ்வளவு காலமும் இருந்தேன்’ என்கிறாள் அவள். மனைவி அழுத இடம் அதுதான். அந்தப் பக்கத்தைத் தடவினால் தாள் காய்ந்து சொரசொரத்தது.

நானும் அவளும்கூட ஒரு வேலிக்கு இரண்டு பக்கமும் வளர்ந்தவர்கள்தான். கிடுகு வேலியில் ஆள் நுழையுமளவுக்கு ஒரு பொட்டு இருந்தது. அதற்குள்ளால் புகுந்து வருவாள். கடல் வற்றும் நேரம் பார்த்து உள்துறைமுகக் கரையில் மட்டி கிண்டப் போவோம். அவள் கதைத்துக்கொண்டே கிண்டுவாள், நான் கேட்டுக்கொண்டே கிண்டுவேன். அவள் பெரியபிள்ளையானதும் அவளுடைய தாய் புதுக் கிடுகு வைத்துப் பொட்டை அடைத்துவிட்டா. அன்றைக்குத்தான் எனக்கு என் மனது தெரிந்தது. யாரிடமும் சொல்லவில்லை.

பிறகு கட்டாருக்குப் போனேன். அந்தக் காலத்தில் கடிதத்துக்குப் பதிலாகக் கசற்றில் பேசி, ஊருக்குப் போகிறவர்களிடம் கொடுத்துவிடுவோம். வீட்டில் ரேடியோவைச் சுற்றி அயலெல்லாம் கூடியிருந்து கேட்கும். அவளும் வந்து கதவடியில் நிற்பாளாம். அம்மா பிறகொரு நாள் சொல்லித் தெரியும். ஒருதரம் அவளுடைய பெயரைச் சொல்லி, ‘அவளையும் கேட்டதாகச் சொல்லுங்கோ’ என்று சுகம் விசாரித்துப் பேசிவிட்டேன். அறையில் கூட இருந்த பெடியள் சிரித்தார்கள். உடனே கசற்றைப் பின்னுக்குச் சுற்றி அதன்மேலே, ‘பக்கத்து வீட்டாக்களையும் கேட்டதாகச் சொல்லுங்கோ’ என்று பதிந்தேன். அந்த வசனத்தைத்தான் அவள் கதவடியில் நின்று கேட்டிருக்கிறாள்.

சாம்பல்தீவில் இருந்து அவளுக்கு ஒரு சம்பந்தம் வந்தது. அவள் தாயிடம், “எனக்கு வேற இடம் வேண்டாம். பக்கத்து வீட்டில கேட்டுப் பாருங்கோ” என்று நேரே சொல்லிவிட்டாள். அம்மா என்னைத் தொலைபேசியில் கேட்டா. என் நெஞ்சு அடித்த அடி இன்னும் நினைவிருக்கிறது. ஆனால் வாயில் வந்தது, “உங்கட விருப்பம் அம்மா” என்பதுதான்.

எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளை பெண் வீட்டுக்குத்தான் குடிபோவது. வேலிக்கு அந்தப் பக்கம் போவதற்கு, கட்டாரை விட்டு வந்த என்னைக் காரில் ஏற்றி, தெருவும் ஒழுங்கையுமாகச் சுற்றிக் கொண்டுபோனார்கள். “பொட்டுக்குள்ளால விட்டிருந்தா பெற்றோல் மிச்சம்” என்று ஆட்கள் பகிடி பண்ணினார்கள். அம்மா கல்யாண வீடு முழுக்கப் பெருமை பேசினா. “என்ர பிள்ளை என்ர சொல்லுத் தட்டமாட்டான். உங்கட விருப்பம் எண்டுதான் சொன்னவன்.” மாலையோடு இருந்த அவளுடைய காதிலும் அது விழுந்திருக்கும் என்று நான் நினைக்கவே இல்லை.

புத்தகத்தில் கல்யாணத்தோடு கதை முடிந்துவிடுகிறது.

கல்யாணத்துக்குப் பிறகு அவள் என்னிடம் ஒன்றும் கேட்டதில்லை. தீபாவளிக்கு நான் எடுத்து வந்த சீலைதான் அவளுக்குச் சீலை. மகள் பிறக்க வலி எடுத்த நாளில்கூட எனக்கு ஆள் அனுப்பவில்லை, தாயோடு ஓட்டோவில் போய்விட்டாள். “என்ர ஆள் ஒண்டும் கேக்கமாட்டா” என்று நான் கடையில் பெருமையாகச் சொல்லித் திரிந்தேன்.

புத்தகத்தை முடித்த அன்று பின்னேரம் வீட்டுக்கு வந்தேன். மகள் ரியூசனுக்குப் போயிருந்தாள். மனைவி கிணற்றடியில் குந்தியிருந்து சூடை மீன் துப்புரவாக்கிக்கொண்டிருந்தாள்.

“வாசிச்சு முடிச்சிட்டன்.”

“எப்படி?”

“நல்லாக் கிடக்கு.”

“அவ்வளவுதானோ?”

“அந்தப் பெடியன் கொஞ்சம் கூடக் கதைக்கிறான்.”

“உலகத்தில ஒரு ஆள் கதைக்காமலே இருந்தா, மற்ற ஆள் அதையும் சேர்த்துக் கதைக்கத்தானே வேணும்” என்றாள். சிரிக்கவில்லை. மீனின் தலையைக் கிள்ளிச் சட்டியில் போட்டாள். “அண்டைக்கு நான் வாய் திறந்து கேட்டிருக்காட்டி, நீங்கள் சாம்பல்தீவு மாப்பிள்ளைக்குப் பந்தியில நிண்டு சோறு போட்டிருப்பீங்கள்.”

பகிடியாக எடுத்துக்கொண்டு நான் உள்ளே போயிருக்கலாம். இத்தனை வருடமும் அப்படித்தான் போயிருக்கிறேன். அன்று போக ஏலாமல் இருந்தது. அவளுக்குப் பக்கத்தில் குந்தினேன்.

“நான் சின்னனிலயிருந்தே உன்னைத்தான் நினைச்சுக்கொண்டிருந்தனான்” என்றேன். சொல்லும்போது நிலத்தைத்தான் பார்த்தேன். கசற்றில் அழித்ததைச் சொன்னேன். தொலைபேசியில் நெஞ்சு அடித்ததையும் சொன்னேன். ரயில் நிலையத்துப் பெடியன் போல அழகாகச் சொல்லத் தெரியவில்லை. முன்னுக்குப் பின்னாகச் சொன்னேன்.

அவளுடைய கை சட்டிக்குள் அப்படியே நின்றது.

“அதை ஏன்டா நீ அண்டைக்கே சொல்லேல்ல?”

கல்யாணத்துக்குப் பிறகு அவள் என்னை ‘நீ’ என்றது அந்த ஒரு தரம்தான்.

“வெக்கம்” என்றேன். இவ்வளவுக்கும் காரணம் அந்த ஒரு சொல்தானா என்று எனக்கே பட்டது.

அவள் மீனைப் பார்த்துக்கொண்டே மெதுவாகச் சொன்னாள். “நீங்கள் தாயின்ர சொல்லுக்காகத்தான் என்னைக் கட்டினீங்கள் எண்டு நினைச்சன். நானே கேட்டு வந்தனான். கேட்டு வந்தவள் பிறகும் கேட்டுக்கொண்டு இருக்கக் கூடாது எண்டு, எது வேணுமெண்டாலும் வாயை மூடிக்கொண்டு இருந்தனான்.”

கடையில் நான் பேசிய பெருமையெல்லாம் எனக்குக் காதில் கேட்டது. ஒன்றும் வேண்டாத பெண் என்று நான் நினைத்திருந்தவள், எனக்குப் பாரமாகிவிடக் கூடாது என்று பயந்து பயந்து என்னோடு ஒரே வீட்டில் இருந்திருக்கிறாள்.

“அப்ப என்னென்ன கேக்க நினைச்சனி?” என்றேன். “இப்ப சொல்லு. எதெண்டாலும் சொல்லு.”

அவள் கையைத் தண்ணீரில் அலசிவிட்டு உண்மையாகவே யோசித்தாள். நெற்றி சுருங்கிற்று. சொல்லத் தொடங்குவதுபோல ஒருதரம் வாயைத் திறந்தாள்.

“பொறுங்கோ… கனக்க இருந்தது” என்றாள். இன்னும் கொஞ்ச நேரம் யோசித்தாள். “இருந்தது. இப்ப ஒண்டும் ஞாபகத்துக்கு வருகுதில்லை.”