காலி விழுந்த நாள்

எங்கள் வீட்டு வானிலை அதிகாரியாக நான் நியமிக்கப்பட்டபோது எனக்கு ஒன்பது வயது. நியமித்தவர் மாமா, அம்மாவின் தம்பி. சம்பளம் கிடையாது. ஆனால் அதிகாரம் அதிகம். நான் வாய் திறந்து சொன்னால்தான் எங்கள் உலகத்தில் பொழுதே விடியும்.

அப்பாவுக்கு எலெக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் வேலை. தெலுங்கு பேசும் ஊரில், குஷாய்குடா என்ற பகுதியில் வீடு. மாமா ஊரின் மறுகோடியில், கண்ணாடிக் கட்டடம் ஒன்றில் மென்பொருள் எழுதிக்கொண்டு எங்களோடு தங்கியிருந்தார். கம்பெனி அவரைச் சில மாதங்கள் அமெரிக்காவுக்கு அனுப்பியது. அங்கே போன மற்றவர்களெல்லாம் சாக்லேட்டும் சென்ட்டும் வாங்கி வந்தார்கள். மாமா ஒரு சுருக்குப்பை நிறையப் பகடை வாங்கி வந்தார். நாலு முகம், எட்டு முகம், இருபது முகம் என்று விதவிதமான பகடைகள். "இவனுக்கு எப்பதான் புத்தி வருமோ," என்றாள் அம்மா.

அந்த விளையாட்டுக்குக் கட்டமும் காயும் வேண்டாம். சாப்பாட்டு மேஜை போதும். மாமா கதை சொல்வார், நாங்கள் அதற்குள் நடப்போம். முன்னால் ஆறு ஓடுகிறது, என்ன செய்யப்போகிறீர்கள் என்று கேட்பார். அண்ணன் நீந்துவேன் என்பான். நீந்தினானா முழுகினானா என்பதைப் பகடை சொல்லும். அண்ணன் வாள்வீரன். எதிர்வீட்டுத் தெலுங்குப் பெண் வைத்தியச்சி. நான் வில்லாளி. மாமா கதை சொல்வதோடு, எங்களுக்கு வழிகாட்டும் கிழவனாகவும் கூட வருவார். அந்தக் கிழவனுக்கு ஒரு நாளும் வழி தெரிந்ததில்லை.

கதையில் ஒவ்வொரு நாளும் விடியும்போது வானிலைக்கு ஒரு பகடை உருட்ட வேண்டும். அதுதான் என் உத்தியோகம். எதிர்வீட்டுப் பெண்ணுக்குத் தமிழ் வராது. எங்களுக்கும் விளையாட்டென்றால் தெலுங்குதான் வாயில் வரும். ஆகவே வெயில் விழுந்தால் "எண்ட" என்று கத்துவேன். மழைக்கு வான. பகடையில் ஆறு விழுந்தால் காற்று, அதாவது காலி. தெலுங்கில் காற்றுக்கு அதுதான் பெயர். "விழுந்தது விழுந்ததுதான். மறுபடி உருட்டுத பேச்சே கிடையாது," என்பது மாமாவின் சட்டம்.

அந்தக் கோடையில் மாமா சீக்கிரமே வீடு திரும்பத் தொடங்கினார். அழைத்துப்போக வரும் கம்பெனி வண்டி அதற்கு முன்பே நின்றுபோயிருந்தது. ஏசி ஒத்துக்கொள்ளவில்லை, பஸ்ஸில் போகிறேன் என்றார். காலையில் அடையாள அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, வாசலில் நின்று, "ஏட்டி, இன்னைக்கு என்ன?" என்று கேட்பார். நான் பகடையை உருட்டிச் சொன்ன பிறகுதான் கிளம்புவார். மாலையில் வெயில் தாழும் முன்பே மேஜைக்கு வந்துவிடுவார். கெட்டிக்காரர், அதனால் அவரைச் சீக்கிரம் விட்டுவிடுகிறார்கள் என்று நான் பள்ளியில் பீற்றிக்கொண்டேன்.

கதையும் மாறிப்போனது. முன்பெல்லாம் ராட்சசர்கள் வருவார்கள், சண்டை நடக்கும். இப்போது வெறும் வானிலைதான் நடந்தது. மழையில் என் வில்லின் நாண் ஊறித் தளர்ந்தது. பனிமூட்டத்தில் பக்கத்தில் நடப்பவர் முகம் தெரியவில்லை. ஒரு மலைக்குகையில் வந்து மாட்டிக்கொண்டோம். எதிரே பள்ளத்தாக்கு, அதன்மேல் கயிற்றுப் பாலம். தாண்டினால் ஊர். தாண்டவிடாமல் காற்று. நான் உருட்டும்போதெல்லாம் ஆறு விழுந்தது.

"மாமா, ராட்சசன் எங்க?" என்று அண்ணன் சலித்துக்கொண்டான்.

"இந்தக் காத்துல ராட்சசனும் வீட்லதாம்ல இருப்பான்."

எதிர்வீட்டுப் பெண்ணுக்கு அழுகையே வந்துவிட்டது. நாம் என்ன தப்பு செய்தோம் என்ற அர்த்தத்தில், "மனம் ஏம் தப்பு சேசாம் அங்கிள்?" என்று கேட்டாள். மாமா அவள் பக்கம் குனிந்தார். "ஒண்ணும் செய்யலம்மா. யாரும் ஒண்ணும் செய்யல. காத்து அடிக்கி, அவ்வளவுதான்," என்றார். விளையாட்டில் இவ்வளவு மெதுவாகப் பேச என்ன இருக்கிறது என்று எனக்குத் தோன்றியது.

மறுநாள் எனக்குப் பொறுக்கவில்லை. ஆறு விழுந்த பகடையை விரலால் புரட்டிவிட்டு, "எண்ட!" என்று கூவினேன். மாமா பார்த்துவிட்டார். பார்த்தும் நல்ல வெயிலாகவே கதையை நடத்தினார். எல்லாரும் உற்சாகமாகக் கிளம்பினோம். பாலத்தின் நடுவில் வந்ததும் காற்று பிடித்துக்கொண்டது. நாங்கள் தவழ்ந்து குகைக்கே திரும்பினோம். கிழவனின் கோவேறு கழுதைதான் மூட்டையோடு பள்ளத்தில் போய்விட்டது. கிழவனின் போர்வையும் அந்த மூட்டையில்தான் இருந்தது.

"நீ வெயில்னு சொன்னா வெயிலாயிருமாட்டி? வெளிய போயி நிக்கவனுக்குல்லா தெரியும்," என்றார் மாமா. எனக்கு விழுந்த திட்டுக்கு அவர் முகம் ஏன் சுண்டிப்போனதென்று விளங்கவில்லை. மறுநாள் காலை வழக்கம்போல் அட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிப் போனார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மாமாவைப் பார்க்கப் பெண்வீட்டார் வந்தார்கள். பெண்ணின் அப்பா திருநெல்வேலிப் பக்கம்தான். பட்டாளத்தில் இருந்துவிட்டு சைனிக்புரியில் வீடு கட்டியவர். மனைவியோடு வந்திருந்தார். ஏற்கெனவே பெண் பார்த்தாகிவிட்டது. மாமாவுக்குப் பெண்ணை ரொம்பப் பிடித்திருந்தது, அது எங்கள் எல்லாருக்கும் தெரியும். இனி மாப்பிள்ளை வீடு பார்த்துவிட்டு நாள் குறிக்க வேண்டியதுதான் பாக்கி. அம்மா விடியற்காலையிலேயே கேசரி கிண்டிவிட்டாள். எனக்குப் பட்டுப்பாவாடை. பகடையைக் கைக்குள் பொத்திக்கொண்டு கதவோரம் நின்றேன்.

பெரியவர் பஜ்ஜியைக் கையில் எடுத்துக்கொண்டே, "கம்பெனியில இப்ப நெலம எப்படித் தம்பி? அமெரிக்காவுல பேங்கெல்லாம் விழுந்துட்டுங்கான். பேப்பர்ல என்னென்னமோ போடுதான்," என்றார்.

மாமா வாயைத் திறப்பதற்குள் அம்மா முந்திக்கொண்டாள். "இவனுக்கு என்ன பயம் அண்ணாச்சி? இவன் இல்லேன்னா அங்க வேலையே ஓடாது."

மாமா டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தலையைத் திருப்பி என்னைப் பார்த்தார். "ஏட்டி, இன்னைக்கு என்ன?"

இத்தனை பேர் முன்னால் என் உத்தியோகத்தைக் காட்ட வாய்ப்புக் கிடைத்துவிட்டது. ஓடிப்போய் டீப்பாயில் உருட்டினேன். ஆறு. "காலி!" என்றேன், தெருவுக்கே கேட்கும்படி.

பெரியவர் சிரித்தார். "என்ன தாயி காலி?"

"மாமாவுக்கு ரொம்ப நாளா காலிதான். தெனமும் காலிதான்," என்றேன்.

அவர் கையிலிருந்த பஜ்ஜி மறுபடி தட்டுக்குப் போனது. அம்மா பதறிப்போய், "அய்ய, வெளாட்டு அண்ணாச்சி! தெலுங்குல காத்துக்குக் காலிம்பாங்க. எல்லாம் தெலுங்குதான் இதுகளுக்கு," என்றாள். பெரியவருக்கும் அது தெரியும், எத்தனையோ வருஷமாக இந்த ஊரில் இருப்பவர். நிம்மதியாக மறுபடி சிரிக்கப்போனார்.

"இல்லக்கா," என்றார் மாமா. "பிள்ள சரியாத்தான் சொல்லுதா. காலிதான். எனக்கு வேல பொங்கலுக்கு முந்தியே போயிட்டு."

மாமா எல்லார் முன்னாலும் என்னை மெச்சியதில் எனக்குத் தலைகால் புரியவில்லை. இளித்துக்கொண்டு நின்றேன். வேறு யாருமே சிரிக்கவில்லை என்பதைச் சற்றுப் பொறுத்துத்தான் கவனித்தேன்.

பெரியவர் எழுந்து மாமாவின் தோளைத் தொட்டார். "மறைக்காம சொன்னியளே தம்பி, அது பெரிய காரியம். வீட்ல கலந்து பேசிட்டுச் சொல்லுதோம்," என்றார். அந்த அம்மாள் குங்குமம் எடுத்துக்கொண்டாள். கேசரியை யாரும் தொடவில்லை. அவர்களிடமிருந்து பிறகு ஒரு தகவலும் வரவில்லை.

அம்மா அடுக்களைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். பாத்திரங்கள் உருளும் சத்தம் கேட்டது. "எங்கிட்டகூடவா சொல்லக் கூடாது? தெனமும் சோறு கட்டிக் குடுத்தேனே, எங்கல வச்சுத் தின்ன?" என்று அவள் அழுவதும் கேட்டது. அப்பா கேசரித் தட்டை மாமா பக்கம் நகர்த்தி வைத்து, "சாப்பிடு மாப்ள," என்று மட்டும் சொன்னார்.

சாயங்காலம் விளையாட்டு இருக்காது என்று நினைத்தோம். ஆனால் மாமா பையை எடுத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தார். கதையில் பொழுது விடிந்தது. நான் உருட்டினேன். மறுபடியும் ஆறு. சொல்லப் பயமாக இருந்தது. "சொல்லுட்டி," என்றார் மாமா. மெல்ல, "காலி," என்றேன். "அடிக்கட்டும். இன்னைக்கு யாரும் வெளிய போக வேண்டாம்," என்றார்.

அப்போது அம்மா அடுக்களையிலிருந்து வந்தாள். அழுத முகம். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். ஒரு நாளும் அவள் இந்த மேஜைக்கு விளையாட வந்ததில்லை. "என்ன நடக்கு, எனக்கும் சொல்லு," என்றாள். அண்ணன் குகை, பாலம், காற்று எல்லாவற்றையும் விளக்கினான். விளையாட்டுக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு ஆளுக்கொரு போர்வையும் மூன்று ரொட்டியும் கொடுத்து விளையாட்டைத் தொடங்குவது வழக்கம் என்றும் சொன்னான். அம்மா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள்.

"அந்தக் கிழவனுக்குப் போர்வை இருக்கா?"

"இல்ல. கழுதையோட போயிட்டு," என்றான் அண்ணன்.

"அப்ப என்னோடத அவனுக்குக் குடு. ரொட்டியும் அவனே வச்சிக்கிடட்டும்."

மாமா தலை நிமிரவில்லை. பகடைகளைக் கையில் அள்ளியவர் அவற்றை உருட்டவில்லை.

எனக்கு ஆத்திரமாக வந்தது. வந்து உட்கார்ந்ததுமே கையிலிருந்த எல்லாவற்றையும் வழி தெரியாத ஒரு கிழவனுக்குத் தூக்கிக் கொடுத்துவிட்டாளே. அம்மாவுக்கு விளையாடவே தெரியவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.