கப்பல் முன்கூட்டியே திரும்பிய மதியம்

லண்டனில் பல வருடங்களாக ஓடிக்கொண்டிருக்கும் ஒரு இசை நாடகத்தில், நடிகர்களுக்கு உடை மாற்றிவிடும் வேலை ஹில்டா பாஸ்கோவுக்கு. சுழலும் மேடையில் ஒரு பெரிய கப்பல் நிற்கும். அதன் பின்னால் மறைந்துகொண்டு, ஒரு பாட்டு முடிவதற்குள் மாலுமி வேடத்திலிருக்கும் நடிகன் ரூபர்ட்டைக் கப்பல் தலைவனாக மாற்றிவிடுவாள்.

ஒரு புதன்கிழமை மதியக் காட்சியில், பாட்டு முடியும் முன்பே மேடை சுழன்றுவிட்டது. அரங்கு நிறைந்த கூட்டத்துக்கு முன்னால் ரூபர்ட் உள்ளாடையோடு நின்றான். அவன் காலடியில் கால்சட்டையும் கையுமாக ஹில்டா.

ரூபர்ட் சிலையாகிவிட்டான்.  ஆனால் ஹில்டாவின் கைகள் நிற்கவில்லை.

"என்னப்பா முழிக்கிற? காலைத் தூக்கு! இப்படியேவா கடலுக்குப் போகப்போற?"

அரங்கமே வெடித்துச் சிரித்தது. அவள் கடைசிப் பொத்தானையும் போட்டு, தொப்பியை வைத்து, "ம், கெளம்பு!" என்று முதுகில் ஒரு தட்டுத் தட்டினாள். கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆனது.

மறுநாள் இயக்குநர் அவளைத் தேடி வந்தார். "இதைத் தினமும் வச்சுக்கலாம் ஹில்டா. நீங்களே பண்ணுங்க."

"ஐயோ, ஆளை விடுங்க சார்! நேத்து ராத்திரி முழுக்க எனக்குத் தூக்கமே வரல."

அதனால் உடை மாற்றுபவளாக நடிக்க ஒரு நடிகையைப் போட்டார்கள். அவளுக்கும் ஹில்டாதான் உடை மாட்டிவிடுகிறாள்.