வேலப்பனை ஊருக்குக் கொண்டுவந்தவள்

சரோஜாவும் வேலப்பனும் கம்போங் ராஜா என்ற மலையூருக்கு மேலே இருக்கும் தேயிலைத் தோட்டத்திலேயே பிறந்து, அங்கேயே குடித்தனம் நடத்தியவர்கள். அவள் மலைச்சரிவில் பெரிய கத்தரியால் கொழுந்து வெட்டினாள். அவர் ஆலையில் தேயிலை சலித்தார். பல வருடத் தூசு அவர் நெஞ்சில் தங்கிவிட்டது; கொஞ்சம் மேடேறினாலும் மூச்சு இரைக்கும். ஆனாலும் கடலுக்கு அப்பால் சரவாக்கில் வாழ்க்கைப்பட்ட அவர் தங்கை நளினி, தன் மகள் கல்யாணத்துக்கு அழைத்ததும், "கடலத் தாண்டித்தானே ஆவணும், பிளேன்ல போலாம்லா" என்று முதலில் துள்ளியவர் அவர்தான்.

இருவருக்கும் அதுவே முதல் விமானப் பயணம்.

நளினியின் ஊர் நெருங்கும்போது பேய்மழை பிடித்துக்கொண்டது. இறங்கப்போன விமானம் ஒருமுறை மறுபடி மேலே ஏறிச் சுற்றியது. அடுத்த முறை சக்கரம் தரையைத் தொட்டது. அப்பாடா என்று சரோஜா கண்ணைத் திறந்தாள். ஆனால் விமானம் நிற்காமல் ஓடியது. ஓடுபாதையும் தீர்ந்துபோக, வேலியை உடைத்துக்கொண்டு சதுப்புக்குள் பாய்ந்து, மூக்கைச் சேற்றில் குத்தி நின்றது. விளக்குகள் அணைந்தன. பின்பக்கமிருந்து புகை வந்தது.

வேலப்பன் அவளை வாசலுக்குத் தள்ளிக்கொண்டு போனார். அங்கே காற்றடைத்த சறுக்கு ஒன்று கீழே தொங்கியது.

"நீங்களும் வாங்க!"

"நீ எறங்கு. அந்தப் பெரியவரு பெல்ட்டக் கழட்டத் தெரியாம முழிச்சிட்டிருக்காரு. கூட்டிட்டு வந்துர்றேன்."

அவர்களோடு ஒரே வரிசையில் உட்கார்ந்து வந்த சீனக் கிழவரைத்தான் சொன்னார். சொன்னபடியே தோளில் சாய்த்துக் கொண்டுவந்தும் விட்டார். மழையில் புல்மேல் உட்கார்ந்து சரோஜாவைப் பார்த்துச் சிரித்தார். அதன்பின் இருமல் நிற்கவில்லை. புகை புகுந்த நெஞ்சு ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் போராடி அடங்கியது.

நளினி அழுது ஓய்ந்த பிறகு மெல்லக் கேட்டாள். "அண்ணி, இங்கயே காரியத்த முடிச்சிட்டு அஸ்தியோட போலாமே? மறுபடி எப்பிடி பிளேன்ல ஏறுவீங்க?"

"தோட்டத்து லயத்துச் சனம் அவரு மொகத்தப் பாக்கணும் நளினி. மகன் கொள்ளி வைக்கணும்."

கப்பல் உண்டா என்று ஆஸ்பத்திரிக்கு வந்திருந்த விமானக் கம்பெனி அதிகாரியிடம் கேட்டுப்பார்த்தாள். ஆட்கள் போகிற கப்பல் இல்லை என்றார். வேறு வழியில்லை என்று தெரிந்ததும் விமானத்துக்கே ஒப்புக்கொண்டாள்.

அவள் ஏறிய விமானத்தின் அடியில், சாமான்கள் வைக்கும் அறையில், வேலப்பனின் பெட்டியும் இருந்தது. கோலாலம்பூரை நெருங்கியபோது மேகத்துக்குள் விமானம் குலுங்கியது. எழுந்து கத்திவிடுவோமோ என்று பயந்தாள். அவர் தனியாக வரவில்லை, நான் கூட இருக்கிறேன் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டே இருந்தாள். சக்கரம் தரையில் மோதி, வேகம் குறைந்து, கடைசியில் நின்றது. சரோஜா குனிந்து, காலடித் தரையைப் பார்த்துச் சொன்னாள்: "எறங்கிட்டோங்க."

மகன் விஜயன் வேனோடு காத்திருந்தான். மலைப்பாதை முழுக்க அம்மாவின் கையை விடவில்லை. மறுநாள் தோட்டமே வேலைக்குப் போகாமல் வேலப்பனுக்குப் பின்னால் நடந்தது.

கருமாதி முடிந்து சரோஜா மலைச்சரிவு வேலைக்குத் திரும்பினாள். விபத்தைப் பற்றி யார் கேட்டாலும், "ஆண்டவன் போட்ட கணக்கு" என்று முடித்துக்கொள்வாள். பிறகு ஒருநாள், கொழுந்து வெட்டிக்கொண்டிருந்தபோது போன் வந்தது. அந்தச் சீனக் கிழவர். நளினியிடம் நம்பர் வாங்கினாராம். நன்றி சொல்லத் தொடங்கி அழுதுவிட்டார். பிறகு மலாயில் கேட்டார், "உங்க வீட்டுக்காரர் எப்படிப்பட்ட மனுஷர்?"

இதுவரை யாரும் அவளிடம் அப்படிக் கேட்டதில்லை. சரோஜா கத்தரியைக் கீழே வைத்தாள். தெரிந்த மலாயில், கோபம் வந்தால் அவர் சாப்பிடாமல் படுத்துக்கொள்வதைச் சொன்னாள். தைப்பூசத்துக்குப் போன இடத்தில் அவளைத் தொலைத்துவிட்டுத் தேடி அலைந்ததைச் சொன்னாள். சரிவில் பனி இறங்கிக்கொண்டிருந்தது. கங்காணி கூப்பிட்டது அவள் காதில் விழவில்லை. சொல்வதற்கு இன்னும் நிறைய இருந்தது.