சருகு அளக்க இரண்டு பேர் வேண்டும்

சருகை அளப்பதுதான் என் பிழைப்பு என்றால் சிரிப்பீர்கள். வெயிலில் குனிந்து நிமிர்கிற வேலை பார்ப்பவர்களாவது சிரிக்காமல் கேளுங்கள். காட்டுத் தரையில் ஒரு மீட்டர் சதுரச் சட்டத்தைப் போட்டு, அதற்குள் நூற்றுக்கு எத்தனை பங்கு சருகு மூடியிருக்கிறது என்று எழுத வேண்டும். சருகு மூடிய மண்ணில் ஈரம் நிற்கும், கன்று முளைக்கும். வெறுந்தரை தெரிந்தால் காட்டுக்குச் சீக்கு. கண்ணளவுதான் என்பதால் இருவர் தனித்தனியாகச் சொல்லி ஒப்பிடுவோம். எனக்கு வாய்த்த அந்த இன்னொருவர் ஜெயக்கொடி அக்கா.

தீப்பெட்டிக் கண்

அக்கா பல வருஷம் தீப்பெட்டி ஆபீஸில் குச்சி அடைத்தவர். முதல் நாள் நான் நாற்பது என்றேன், அவர் முப்பத்தைந்து என்றார். கட்டம் கட்டமாக நூல் கட்டி எண்ணிப் பார்த்தோம். முப்பத்தைந்துதான். எப்படி என்று கேட்ட வனத்துறை அதிகாரியிடம் அக்கா சொன்னார்:

"பெட்டியில குச்சி எம்புட்டுன்னு தொட்டே சொல்லுவேன் சார். இது தரைதானே, ஓடவா போகுது?"

வண்டி நிறைய

மலையடிவாரத்தில் ஓரிடத்தில் மாதாமாதம் அளவு குறைந்துகொண்டே வந்தது. ஒருநாள் காரணமே எதிரில் வந்தது. விவசாயம் பார்க்கும் ஒரு சம்சாரி, மிளகாய்ச் செடிக்கு அடியில் பரப்ப மாட்டுவண்டி நிறைய சருகு அள்ளிக்கொண்டு போனார். காட்டுக்கு அது வேணும் அண்ணாச்சி, உங்க வரப்புல நாலு மரம் வச்சா உங்களுக்கே சருகு கிடைக்கும் என்று அக்கா தன்மையாகத்தான் சொன்னார். அவர் மாட்டை நிறுத்தி, தூரத்தில் வெடித்துக் கிடந்த தன் கரிசல் காட்டைக் கைகாட்டினார்.

"வைக்கலாம்த்தா. மரம் வளந்து சருகு விழுற வரைக்கும் என் மொளகாச் செடி காத்துக்கிட்டு இருக்குமா?"

பெருக்கிய நிழல்

ஏழாயிரம்பண்ணை பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனிக்குள் அருமையான வேப்பந்தோப்பு; அதையும் அளக்கச் சொல்லியிருந்தார்கள். சட்டம் போட்ட இடமெல்லாம் பூஜ்யம். காய்ந்த இலை கிடந்தால் நெருப்புக்கு வெத்தலை பாக்கு வைத்த மாதிரி என்று, முத்துமாரி என்ற பெண் நாள் முழுக்கப் பெருக்கிக்கொண்டே இருந்தாள். உள்ளே செருப்புக்கும் அனுமதியில்லை. வெறுங்காலோடு நின்று, எங்கள் வேலையை விசாரித்துத் தெரிந்துகொண்டு கேட்டாள்:

"சருகு மேல நடந்தா எப்படிச் சத்தம் வரும்னே மறந்துபோச்சுக்கா. லீவன்னைக்கு நானும் ஒங்ககூட வரட்டா?"

ஒத்துப்போகிறவர்

அக்காவின் மகளுக்குத் திருப்பூரில் குழந்தை பிறந்தது. மகள் பனியன் கம்பெனிக்குத் திரும்ப, பிள்ளையைப் பார்க்க அக்கா போக வேண்டியதாயிற்று. சாத்தூரில் பஸ் ஏற்றிவிட்டேன். இருவருமே சட்டத்தைப் பற்றித்தான் பேசினோம். அக்காவுக்குப் பதிலாக அளக்க வந்தவர் நல்ல மனிதர். நான் முப்பது என்றால் முப்பது, ஐம்பது என்றால் ஐம்பது. இல்லை என்று ஒரு தடவையாவது சொல்லுங்களேன் என்று கெஞ்சினேன்.

"நீங்க சொன்னாத் தப்பா இருக்குமா மேடம்?"

பங்குனிச் சருகு

போன பங்குனியில், ஓடைக்கு மேலே ஒரு சட்டம் நிறையச் சருகு. இந்த மாவட்டத்தில் நான் அப்படிப் பார்த்ததே இல்லை. பக்கத்தில் திரும்பி "அக்கா!" என்று கூப்பிட்டுவிட்டேன். தொண்ணூற்றைந்து என்று எழுதி, படமெடுத்து அக்காவுக்கு அனுப்பினேன். சாயங்காலம் போன் வந்தது. பின்னால் பிள்ளை அழுதுகொண்டிருந்தது.

"ஏ புள்ள, மேல் மூலையில மண்ணு தெரியுது, தொண்ணூறுதான். நான் அங்கன இருந்தா ஒன்னைய இப்படி எழுத விடுவேனா?"

தொண்ணூறு என்று திருத்திவிட்டேன். அன்றிலிருந்து எந்தச் சந்தேகமும் இல்லாத சட்டங்களைக்கூடப் படமெடுத்துத் திருப்பூருக்கு அனுப்பி, சந்தேகம் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.