அக்கா பாலிஷ் போட்ட கடைசி வில்லை

என் மேசை இழுப்பறையில், பஞ்சுக்குள், பிசினில் பதித்த வில்லை ஒன்று கிடக்கிறது. நடுவில் சுண்டுவிரல் நகமளவு சாம்பல் நிற உலோகம். அதற்குக் கடைசியாக பாலிஷ் போட்ட கை அக்காவுடையது.

அக்கா என்றால் உடன்பிறந்தவர் இல்லை. தாம்பரம் பக்கத்துத் தொழிற்சாலை ஆய்வுக்கூடத்தில் எனக்கு ஒரு வருடம் சீனியர். சேலையூரிலிருந்து பஸ்ஸில் வருவார். புற்றுநோய் சிகிச்சை இயந்திரத்தில் கதிரைத் தடுக்கும் தகடுகள் செய்துகொண்டிருந்தோம். டங்ஸ்டன் தூளோடு நிக்கலும் இரும்பும் கலந்து சூளையில் வைத்தால், அவை இரண்டும் உருகி, டங்ஸ்டன் மட்டும் உருண்டை மணிகளாக நடுவே நிற்கும். நுண்ணோக்கியில் பார்த்துவிட்டு அக்கா அதை ஜவ்வரிசிப் பாயசம் என்பார். அந்த வருடம் மணிகள் ஊதிப் பெருத்து, தகடுகளின் விளிம்பு பொடிந்துகொண்டே இருந்தது. மாலிப்டினம் என்ற இன்னொரு உலோகத்தையும் சேர்த்துப் பார்க்கலாம் என்றார் அக்கா. தகடு உடையும் என்று மேனேஜர் ஒரேயடியாக மறுத்தார்.

"கொஞ்சமா போட்டா மணி ஊதாது சார். ஜாஸ்தியானாத்தான் உடையும். ஒரே ஒரு ட்ரயல் குடுங்க, தப்பாப் போனா அப்புறம் நான் வாயே திறக்க மாட்டேன்."

வாயே திறக்க மாட்டாராம்! நாங்கள் எல்லோரும் சிரித்தோம். ஒரே ஒரு சோதனைக் கம்பிக்கு அனுமதி கிடைத்தது. அதில் ஒரு துண்டை வெட்டிப் பிசினில் பதித்து, கண்ணாடி போல பாலிஷ் போட்டால்தான் நுண்ணோக்கியில் மணிகள் தெரியும்.

பாலிஷ் போட்டவரே முதலில் பார்க்க வேண்டும் என்பது எங்கள் ஆய்வுக்கூடத்து வழக்கம். அந்த வில்லைக்கு பாலிஷ் போட்ட அக்கா, பார்க்காமலே பஞ்சில் சுற்றி என்னிடம் கொடுத்தார். இடுப்பு வலி, ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டு வருகிறேன் என்றார்.

"நான் வந்துதான் பாப்பேன். அதுவரைக்கும் யாரும் கண்ணு வைக்கக் கூடாது, சொல்லிட்டேன்."

வரவில்லை. புற்றுநோய் என்றார்கள். நாங்கள் செய்தது போன்ற தகடுகளுக்கு அடியில்தான் அவரே படுத்தார். கல்லறையில் பாட்டு முடிந்து அவர் பெட்டிமேல் மண் போட்டபோதும் எனக்கு இந்த வில்லைதான் ஞாபகம் வந்தது. ஆண்டவருக்கு அன்றைக்குக் கண் இல்லை, அவ்வளவுதான் சொல்வேன்.

மிச்சக் கம்பி எப்போதோ பழைய இரும்போடு போய்விட்டது. போன வாரம் புது மேனேஜர் கேட்டார்: "அந்த மாலிப்டினம் ட்ரயல் என்ன ஆச்சு சார்?" அக்கா சொன்னது சரியா தப்பா என்று சொல்ல இந்த வில்லையை விட்டால் வேறு சாட்சி கிடையாது. மனதுக்குள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு நுண்ணோக்கியில் வைத்தேன்.

மணிகள் சரியாகத் தெரியவில்லை. வில்லையின் முகமெல்லாம் கீறல். ஒரே ஒரு கீறல் இருந்தாலும் "என்ன இது, கோழி கிளறினாப்ல!" என்று எங்கள் வில்லைகளைத் திருப்பி எறிந்தவர் அக்கா. இங்கே கோடுகள் ஒரு திசையில் தொடங்கி, நடுங்கி, வேறு பக்கம் இழுத்துக்கொண்டு போயிருந்தன. நின்று பாலிஷ் போட முடியாத அளவுக்கு அன்றைக்கே வலித்திருக்கிறது. யாரும் பார்க்க வேண்டாம் என்றது இதைத்தான்.

மறுபடி பாலிஷ் போட்டால் விடை தெரிந்துவிடும். சிறிது நேர வேலை. சக்கரத்தைச் சுழலவிட்டு, தண்ணீரைத் திறந்து, வில்லையைக் கையில் பிடித்தபடி நின்றேன். முதல் சுற்றிலேயே அந்தக் கோடுகள் போய்விடும். மேனேஜரிடம் ட்ரயல் முடியவில்லை என்று சொல்லிவிட்டு, வில்லையைத் திரும்பப் பஞ்சில் சுற்றி வைத்தேன்.