செருப்பில் வெட்டிய பொங்கல் பானை

எழுபதுகளில் ஒரு பொங்கலுக்கு, தேய்ந்த ரப்பர் செருப்பில் பானை, கரும்பு, லட்சுமி என மூன்று அச்சுகள் வெட்டி, மையில் தோய்த்து வாழ்த்து அட்டைகள் செய்தேன். தங்கையைப் பெண் பார்த்துப் பேசி முடித்திருந்த கம்பைநல்லூர் வீட்டுக்கும் ஒன்று அனுப்பினேன். அவர்கள் அதைச் சாமி படத்தருகே வைத்துக் கும்பிட்டார்களாம். எதில் வெட்டினேன் என்று நானே பெருமையாகச் சொல்லித் திரிந்தது பிறகு அவர்கள் காதுக்கும் எட்டியது.

மாப்பிள்ளையின் அப்பா, அட்டையை இரண்டு குச்சிகளில் இடுக்கியபடி தருமபுரியில் எங்கள் வீட்டுக்கு வந்தார். கூடத்தின் நடுவில் நின்று, "செருப்புல சாமியா? இந்த வூட்ல பொண்ணு எடுக்கறதா?" என்றார். கல்யாணம் நின்றுவிடுமே என்று கைகூப்பினேன்.

தங்கை அவர் காலைப் பார்த்தாள். "மாமா, உங்க செருப்ப வாசல்ல வுட்டுட்டு வந்து பேசுங்க. இங்கயும் சாமி படம் இருக்குது."

கல்யாணம் நின்றது. அவள் வருந்தவில்லை. எனக்குத்தான், அன்று கூப்பிய இந்தக் கைகளைப் பார்த்தால் இன்றும் வெட்கமாக இருக்கிறது.