அவனை ஏன் உட்கார வைத்தார் கோச்?

மூன்று வருடங்களுக்கு முன்பு, பொங்கல் முடிந்து வந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை. அனுப்பர்பாளையத்தில் என் ஸ்கூட்டர் பஞ்சராகிவிட்டது. கடைக்காரர் சக்கரத்தைக் கழற்றிப் போட்டுவிட்டு, நேரமாகும் என்றார். பக்கத்து பேக்கரியில் உட்கார்ந்து ஒரு டீ சொன்னேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். என் கணவர் அப்போது இங்கே ஒரு கல்லூரியில் கால்பந்து கோச்சாக இருந்தார். நிரந்தர வேலை இல்லை, வருடா வருடம் நீட்டித்தால்தான் உண்டு. நான் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் செக்‌ஷனில் இருக்கிறேன். கல்லூரிப் பையன்களின் ஆட்டத்தை யார் பார்க்கப் போகிறார்கள் என்று நீங்கள் நினைக்கலாம். எங்கள் ஊரில் பார்ப்பார்கள். ஷிப்ட் விட்டு வருகிறவர்கள் மைதானத்துச் சுவரில் வரிசையாக ஏறி உட்கார்ந்திருப்பார்கள். அவர்களுக்கென்று ஒரு வாட்ஸ்அப் குரூப்கூட உண்டு.

அந்தச் சுவர்க்காரர்களில் மூன்று பேர்தான் எனக்கு அடுத்த மேஜையில் இருந்தார்கள் என்பது அவர்கள் பேச்சிலேயே தெரிந்துவிட்டது. ஒருவர் எவர்சில்வர் பாத்திரப் பட்டறை வைத்திருப்பவர், ஐம்பது வயதிருக்கும். இன்னொருவன் அந்தக் கல்லூரியில் படித்து முடித்துவிட்டு கம்பெனி வேன் ஓட்டும் இளைஞன், குரூப்பை நடத்துபவன். மூன்றாமவர் திருநெல்வேலிப் பக்கத்து டெய்லர்.

"ஒத்தை ஆளை நம்பி டிபென்ஸ் நிக்கக்கூடாதுன்னு புதுப் பசங்கள வெச்சுப் பழக்குதாருல்லா. ஒரு வருஷம் பொறுத்துப் பாக்கணும்லா" என்றார் டெய்லர்.

"என்னத்தப் பொறுக்கறது? ஒசரத்துல வர்ற பந்தையெல்லாம் அவனொருத்தன்தான் தலையில அடிச்சு வெளிய தள்ளிட்டிருந்தான். அவன ஒக்கார வெச்சுட்டு பர்ஸ்ட் இயர் பசங்களக் கொண்டாந்து நிறுத்தறாரு. அவருக்கு வேண்டப்பட்ட பசங்களா இருக்கும், வேறென்ன?" என்றான் வேன்காரன்.

பட்டறைக்காரர் நிதானமாகப் பேசினார். "எனக்கு ஒண்ணுதானுங்க புரியல. காரணம் கேட்டா வாயவே தொறக்க மாட்டீங்கறாரு. மனசுல கள்ளமில்லாத மனுசன் எதுக்குங்க பேசாம இருக்கோணும்?"

டீ டம்ளரைக் கீழே வைத்தேன். அவர் ஏன் பேசவில்லை என்பது எனக்குத் தெரியும்.

அவர்கள் பேசிக்கொண்டிருந்தது கோலுக்கு முன்னால் நின்று தடுத்தாடும் ஸ்டாப்பரைப் பற்றி, ஒரு சேவூர்ப் பையன். கடைசி வருடம் படித்துக்கொண்டிருந்தான். நெடுநெடுவென்று உயரம். பிராக்டிஸ் முடிந்து சில நாள் எங்கள் வீட்டுக்கு வந்து சாப்பிட்டுவிட்டுப் போவான். என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவான். மழைக்காலத்தில் ஒரு நாள் பிராக்டிஸில் மயங்கி விழுந்துவிட்டான். என் கணவர் அவனைக் கோயமுத்தூர் டாக்டர் ஒருவரிடம் கூட்டிப்போனார். இதயத்தின் தசை தடித்திருக்கிறது, ஓடி விளையாடும்போது எந்த நிமிடமும் அது நின்றுபோகலாம், இனிமேல் பந்தைத் தொடவே கூடாது என்று சொல்லிவிட்டார்கள். இது பரம்பரையாக வருவது, குடும்பத்தில் யாராவது சின்ன வயதில் திடீரென்று இறந்திருக்கிறார்களா என்றும் கேட்டிருக்கிறார் டாக்டர். அவனுடைய அப்பா அப்படித்தான் போனார்.

திரும்பி வரும் வழியில் பையன் என் கணவரின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதிருக்கிறான். அப்பா போனதிலிருந்து அம்மாவுக்கு அவன் ஒருவன்தான். தெரிந்தால் தாங்க மாட்டாள். ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் வேலை கிடைக்கும் என்று ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தாள். "நானே நேரம் பாத்து அம்மாகிட்டச் சொல்லிக்கறனுங்க சார். நீங்க யாருகிட்டயும் சொல்லிராதீங்க" என்றான். பூட்ஸைத் தொடாத வரைக்கும் சொல்ல மாட்டேன் என்று இவர் வாக்குக் கொடுத்துவிட்டு வந்தார். என்னிடம் மட்டும் சொன்னார்.

அதன்பிறகு குரூப்பில் இவரைத் திட்டாத நாளில்லை. சாதி பார்க்கிறார் என்றார்கள், எதிர் டீமுக்கு விலைபோய்விட்டார் என்றார்கள். இவர் எல்லாவற்றையும் படிப்பார், போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுச் சாப்பிட உட்காருவார்.

பேக்கரியில் அன்று அதையெல்லாம் நினைத்துக்கொண்டு பல்லைக் கடித்துக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தேன். அப்போது வேன்காரன் சொன்னான்: "இன்னிக்குச் சாயந்தரம் சேவூர் ரோட்டு மில்லு மைதானத்துக்கு வந்து பாருங்க. ஏழு பேரு ஆடற செவன்ஸ் மேட்ச்சுல நம்ம குரூப் டீமுக்கு அவன எறக்கறேன். முடியாதுன்னு எத்தன நாளு சொன்னான் தெரியுமுங்களா? விடாமக் கேட்டுச் சம்மதிக்க வெச்சிருக்கறேன். கோச்சு எப்பேர்ப்பட்ட ஆள ஒக்கார வெச்சாருன்னு நாலு பேரு பாக்கோணும்."

உடனே என் கணவருக்குப் போன் செய்தேன். அவர் அன்று டீமோடு திருச்சியில் இருந்தார். மணி அடித்து அடித்து ஓய்ந்தது. ஆட்டம் நடக்கும்போது அவர் போன் பைக்குள் கிடக்கும். திரும்பத் திரும்ப அடித்தேன். வண்டி தயாரானதும் நேராக மேட்ச் நடக்கும் இடத்துக்கு ஓட்டினேன்.

சேவூர் போகும் சாலையில், மூடிக் கிடந்த ஒரு மில்லுக்குப் பின்னால் இருந்தது அந்த மைதானம். நல்ல கூட்டம். பையன் பூட்ஸ் மாட்டிக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் முகம் வெளுத்துப் போய், எழுந்து ஓரமாக வந்தான்.

"சார் அனுப்பிச்சாருங்களா?"

"அவருக்குத் தெரியாது. வா கண்ணு, வண்டியில ஏறு, போயிரலாம்."

"அரை மணி நேரந்தானுங்கக்கா. ஓடாம நின்ன எடத்துலயே ஆடிக்கறேன். எத்தன நாளா எல்லாரும் கேக்கறாங்க. என்ன காரணம்னு சொல்லறது? பயந்துட்டான்னு நெனைக்கறாங்க."

"நெனைச்சா நெனைச்சுட்டுப் போறாங்க."

"உங்க காலுல வேணாலும் விழறனுங்க. இன்னிக்கு ஒரு நாளு. சொல்லிராதீங்க." அவ்வளவுதான். விசில் ஊதினார்கள், அவன் உள்ளே ஓடிவிட்டான்.

நின்ற இடத்திலேயே ஆடுகிறேன் என்றவன் அப்படியா ஆடினான்? பந்து எங்கே விழப்போகிறதோ அங்கே முன்னாலேயே போய் நின்றான். அவனைத் தாண்டி ஒன்றும் போகவில்லை. சுற்றிலும் சந்தோஷம். நான் மட்டும் அவன் ஓடும் ஒவ்வொரு ஓட்டத்தையும் எண்ணிக்கொண்டிருந்தேன். கார்னரிலிருந்து வந்த ஒரு பந்தைக் குதித்துத் தலையால் வெளியே தள்ளினான். இறங்கியவன் முழங்காலில் இரண்டு கைகளையும் ஊன்றிக் குனிந்தான். மற்றவர்கள் நகர்ந்துவிட்டார்கள். இவன் நிமிரவில்லை. கோல்கீப்பர் ஏதோ கேட்க, ஒன்றுமில்லை என்று கையை ஆட்டினான். அந்தக் கை கீழே இறங்கி நெஞ்சின்மேல் நின்றது.

நான் மைதானத்துக்குள் நடந்தேன். யோசித்து நடக்கவில்லை. பந்து என் பக்கமாக உருண்டு போனது. விசில் அடித்துக்கொண்டே இருந்தார்கள். வேன்காரன் ஓடிவந்தான்.

"ஏனுங்க, யாருங்க நீங்க? ஆட்டம் நடக்குது, வெளிய போங்க."

"இவன் வெளையாடக் கூடாதுங்க. இவனுக்கு இருதயத்துல கோளாறு. டாக்டர் சொல்லியிருக்காரு. அதனாலதான் ஒக்கார வெச்சது."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"நான் கோச்சோட சம்சாரம்."

வேன்காரன் கூட்டத்தைத் திரும்பிப் பார்த்தான். பிறகு சிரிப்பு. "சொல்ல வேற காரணம் கெடைக்கலீன்னு ஊட்டுக்காரம்மாவ அனுப்பியிருக்காரு பாருங்க" என்று யாரோ சொன்னார்கள். பட்டறைக்காரர் மட்டும் சிரிக்கவில்லை. கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து பையன் முன்னால் நின்றார்.

"கண்ணு, இந்தம்மா சொல்றது நெசமா?"

"பொய்யுங்க" என்றான் அவன். என்னைப் பார்க்காமல் சொன்னான். "எனக்கு ஒண்ணுமில்லீங்க."

அதற்குமேல் என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை. என்னிடம் மிச்சமிருந்தது ஒன்றுதான். அதைக் கேட்டிருக்கலாமா கூடாதா என்று இன்றுவரை முடிவு செய்ய முடியவில்லை.

"உங்கப்பா எப்படித் தவறினாருன்னு மட்டும் இவங்ககிட்டச் சொல்லு" என்றேன்.

அவன் தரையில் உட்கார்ந்தான்.  பூட்ஸ் கயிற்றைப் பிரிக்கப் பார்த்தான், முடிச்சு அவிழவில்லை.

"கரும்புக் காட்டுல தண்ணி கட்டிட்டிருந்தாருங்க" என்றான், யாரிடம் என்றில்லாமல். "விழுந்தாரு. அவ்வளவுதானுங்க."

பட்டறைக்காரர் குனிந்து அந்த முடிச்சை அவிழ்த்துவிட்டார். ஆட்டம் நின்றது. பையன் நிமிர்ந்து என்னைப் பார்த்தான்.

"உங்கள அக்கான்னு கூப்பிட்டனே" என்றான்.

அவன் வீடு போய்ச் சேர்வதற்குள் விஷயம் குரூப் மூலமாக ஊருக்குப் போய்விட்டது. அவன் அம்மாவுக்கு யாரோ அக்கம்பக்கத்தார்தான் சொல்லியிருக்கிறார்கள். நேரம் பார்த்துச் சொல்ல அவன் வைத்திருந்த செய்தியை அவர் அப்படிக் கேட்டார். ஸ்போர்ட்ஸ் கோட்டா பேச்சு அதோடு நின்றது. மாமன் மகளை அவனுக்கென்று பேசி வைத்திருந்தார்கள், அந்தப் பேச்சும் நின்றது. பரீட்சை எழுதக்கூட அவன் கல்லூரிக்கு வரவில்லை.

திருச்சியிலிருந்து வந்த என் கணவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். திட்டவில்லை. "அவன் என்னை நம்பித்தான் சொன்னான்" என்றார். பல நாட்கள் எங்களுக்குள் சரியான பேச்சே இல்லை.

ஒரு நாள் அவன் அம்மா எங்கள் வீட்டு வாசலுக்கு வந்தார். நன்றி சொல்ல வந்திருக்கிறார் என்று நினைத்தேன். உள்ளே வரவில்லை, கொடுத்த தண்ணீரைக் குடிக்கவுமில்லை.

"ராத்திரியெல்லாம் அவன் மூச்சு உடறானான்னு பாத்துட்டே ஒக்காந்திருக்கறனுங்க" என்றார். "நீங்க பண்ணுனது நல்லதுங்களா கெட்டதுங்களான்னு எனக்குத் தெரியலீங்க. கேட்டுட்டுப் போலாம்னு வந்தேன்."

 தண்ணீர்ச் சொம்பை வாசல்படியில் வைத்துவிட்டுப் போனார்.

அந்த வருடம் டீம் எல்லா ஆட்டத்திலும் தோற்றது. கல்லூரியில் இவருடைய வேலையை நீட்டிக்கவில்லை. இப்போது ஒரு பள்ளிக்கூடத்தில் டிரில் மாஸ்டராக இருக்கிறார். வேலை போன சமயத்தில் பட்டறைக்காரரும் டெய்லரும் வீட்டுக்கு வந்தார்கள். தெரியாமல் பேசிவிட்டோம் என்று சொன்னார்கள். கடைசியில் பட்டறைக்காரர்தான் கேட்டார்.

"அந்தப் புதுப் பசங்கள வெச்சு டிபென்ஸுக்கு ஏதோ திட்டம் வெச்சிருந்தீங்களாமா. என்னங்க அது?"

என் கணவர் சிரிக்கப் பார்த்தார். "திட்டமெல்லாம் ஒண்ணுமில்லீங்க. அவன் நின்ன எடம் காலியாக் கெடந்துச்சு. அத எப்படி மூடறதுன்னு எனக்குத் தெரிஞ்ச மாதிரியெல்லாம் பாத்தேன். மூட முடியல."

அதற்குப் பிறகு டெய்லர் தரையைப் பார்த்துக்கொண்டு அழுதார். அதுவரைக்கும் அந்தப் பையனுக்காக யாரும் அழுது நான் பார்த்திருக்கவில்லை.

அவன் இப்போது அவிநாசிப் பக்கம் ஒரு எம்பிராய்டரி யூனிட்டில் மிஷின் பார்க்கிறான். மாத்திரை சாப்பிடுகிறான் என்று கேள்விப்பட்டேன். போன மாதம் பழைய பஸ் ஸ்டாண்டில் நேருக்கு நேர் வந்துவிட்டான். கொஞ்சம் சதை போட்டிருந்தான். என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டு கூட்டத்துக்குள் போய்விட்டான். எனக்கு வலிக்கவில்லை என்று சொன்னால் அது பொய். ஆனாலும் அவன் போன திசையைப் பார்த்துக்கொண்டு, என்னைப் பிடிக்காமல் போவதற்காவது அவன் இருக்கிறானே என்று நினைத்துக்கொண்டேன்.